கொட்டாவிக்கு எழும் கை, கூப்பிட்டால் வராதது ஏன்?

கேள்வி: எங்களுக்கு மேலூர் பக்கம் ஒரு கிராமம். அம்மாவுக்கு வயது 56. கோயில் வாசலில் பூக்கட்டி விற்பவர். நாலு மாதத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. மூளையின் இடது பக்கம் ரத்தக்குழாய் அடைப்பு என்றார்கள். கால் கொஞ்சம் தேறி, கம்பு ஊன்றி வாசல்வரை நடக்கிறார். கைதான் முழங்கையில் மடங்கி, விரல்கள் இறுகிக் கிடக்கிறது. தினமும் ரப்பர் பந்தை அமுக்குகிறார். இறுக்கம் கூடுகிற மாதிரிதான் தெரிகிறது. ஆனால் கொட்டாவி விடும்போது மட்டும் அந்தக் கை தானாக எழுகிறது. அதைப் பார்த்துவிட்டு அண்ணன், “இப்ப மட்டும் எப்படித் தூக்குது? நீதான் மனசு வைக்க மாட்டேங்குற” என்று சத்தம் போடுகிறார். அம்மா அழுகிறார். நரம்பு சுருண்டுபோச்சு, எண்ணெய் போட்டு இழுத்துவிட்டால் சரியாகும் என்கிறார்கள் சொந்தக்காரர்கள். அம்மா மறுபடி பூக்கட்டுவாரா?

பதில்: முதலில் அந்தக் கொட்டாவியை எடுத்துக்கொள்வோம். உங்கள் வீட்டுச் சண்டையே அதில்தானே இருக்கிறது.

அம்மா நடிக்கவில்லை. பக்கவாதம் வந்தவர்களில் சிலருக்குக் கொட்டாவியின்போது விழுந்துபோன கை தானே மேலெழும். முடிந்ததும் தொப்பென்று இறங்கும். மருத்துவ உலகம் நெடுங்காலமாக அறிந்த விஷயம் இது. “கையைத் தூக்கு” என்று நாம் நினைத்துத் தூக்குவதற்கு மூளையின் மேற்பரப்பிலிருந்து ஒரு பாதை இறங்குகிறது. கொட்டாவி பிறப்பது அங்கே அல்ல. அடியில் இருக்கிற மூளைத்தண்டில். அங்கிருந்து தண்டுவடத்துக்குப் பழைய பாதைகள் தனியாக இறங்குகின்றன. அம்மாவுக்கு அடைபட்டது மேலிருந்து வரும் பாதை. பழைய பாதைகள் திறந்தே இருக்கின்றன. கொட்டாவி அவற்றின் வழியாகத் தோளை எட்டிவிடுகிறது. தும்மும்போதோ இருமும்போதோகூடக் கை இப்படித் துள்ளலாம். மனசு வைத்தால் வரும் அசைவு வேறு, மனசைக் கேட்காமலே வரும் அசைவு வேறு. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கேட்பது நியாயமில்லை என்று அண்ணனிடம் சொல்லுங்கள்.

அவர் சத்தம் போடும்போது அம்மாவின் முழங்கை இன்னும் கொஞ்சம் மடங்குகிறதா என்று ஒருநாள் கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் மடங்கும். பயம், பதற்றம், அவசரமாக எழுவது, வேகமாக நடப்பது எல்லாமே இறுக்கத்தைக் கூட்டும். இன்னொன்று: பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். அதற்கு மருந்து உண்டு. “மனசு வைக்கவில்லை” என்று தெரிவதே சில சமயம் நோயாக இருக்கும்.

இனி “நரம்பு சுருண்டுபோச்சு” என்ற பேச்சுக்கு வருகிறேன். நம் பேச்சில் நரம்பு என்ற ஒரே சொல் பல வேலை பார்க்கிறது. கையில் புடைத்துத் தெரியும் பச்சைக் குழாயும் நரம்பு (அது ரத்தநாளம்), குதிகாலுக்கு மேலே கயிறு போல நிற்பதும் நரம்பு (அது தசைநாண்), ஆணையைக் கொண்டுபோகும் மெல்லிய இழையும் நரம்பு, வீணையிலும் நரம்பு. அதனால்தான் உருவிவிட்டால், இழுத்துவிட்டால் சரியாகும் என்ற எண்ணம் வருகிறது. அம்மாவின் கையில் இருக்கிற நரம்பு எதுவும் சுருளவில்லை. கையில் நரம்பும் தசையும் நன்றாகவே இருக்கின்றன. கோளாறு தலைக்குள்.

ஒரு மொட்டைக் கிள்ள விரல் அசைகிறது என்றால் அந்த ஆணை இரண்டே கட்டமாக வந்து சேர்கிறது. மூளையின் மேற்பரப்பில், காதுக்கு மேலே உச்சந்தலையை நோக்கிப் போகிற ஒரு பட்டையில், உடம்பின் அசைவுகளுக்கான செல்கள் இருக்கின்றன. 1937-இல் பென்ஃபீல்டு, போல்ட்ரி என்ற மூளை அறுவை மருத்துவர்கள் அறுவைச் சிகிச்சையின்போது அந்தப் பரப்பை மெல்லிய மின்சாரத்தால் தொட்டு, எந்த இடம் எந்த உறுப்பை அசைக்கிறது என்று படம் போட்டார்கள். முதுகு முழுவதற்கும் கிடைத்தது சின்ன இடம்; கைக்கும் முகத்துக்கும் பெரிய இடம். அந்தச் செல்களிலிருந்து புறப்படும் இழைகள் கீழே இறங்கி, மூளைத்தண்டின் அடிப்பகுதியில் பெரும்பாலானவை மறுபக்கம் மாறுகின்றன. இடது மூளையில் அடைத்தால் வலது கை விழுவது இதனால்தான். கழுத்துத் தண்டுவடத்தில் முதல் இழை முடிந்து, இரண்டாவது செல்லிடம் ஆணையைக் கை மாற்றுகிறது. அந்த இரண்டாவது செல்லின் இழை கழுத்திலிருந்து விரல் தசைவரை நேராக ஓடுகிறது. தசையைத் தொடும் இடத்தில் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனத்தைச் சுரக்கிறது, தசை சுருங்குகிறது. உச்சியிலிருந்து விரலுக்கு வந்து சேர ஆகிற நேரம் ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு.

மேற்பரப்பில் விரிந்து கிடக்கும் இந்த இழைகள் எல்லாம் மூளையின் நடுவே ஒரு குறுகிய இடுக்கில் நெருங்கி ஒன்றாக இறங்குகின்றன. அந்த இடுக்கில் ஒரு புளியங்கொட்டை அளவு இடம் கெட்டுப்போனாலே ஒரு பக்கம் முழுக்க விழுந்துவிடும். வைகைப் பேரணையில் மதகு அடைபட்டால் மேலூர்க் கடைமடை காய்வது மாதிரி. கடைமடை வயலில் எண்ணெய் ஊற்றி என்ன செய்ய?

கால் தேறி, கை தேறாதது ஏன் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். நடப்பதற்கான அடிப்படைத் தாளத்தைப் போடும் இணைப்புகள் தண்டுவடத்திலேயே இருக்கின்றன. இடுப்புக்கும் தொடைக்கும் மூளையின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஓரளவு ஆணை வருகிறது. விரல்கள் அப்படியில்லை. ஒவ்வொரு விரலையும் தனித்தனியே அசைப்பது முழுக்க அந்த ஒற்றைப் பாதையை நம்பியது. பூக்கட்டுவது விரல் வேலையிலேயே நுணுக்கமான வேலை. அதனால் கால் நடப்பதையும் கை கட்டாததையும் ஒன்றோடொன்று ஒப்பிட வேண்டாம்.

அப்படியானால் ஆணை வராத கை தொய்ந்து கிடக்க வேண்டியதுதானே, ஏன் இறுகுகிறது? முதல் சில நாள் அல்லது வாரங்கள் கை தொளதொளவென்றுதான் கிடந்திருக்கும். நினைத்துப் பாருங்கள். இறுக்கம் பிறகு வந்தது. ஒவ்வொரு தசைக்குள்ளும் அது எவ்வளவு நீள்கிறது, எவ்வளவு வேகமாக நீள்கிறது என்று பார்த்துச் சொல்லும் நுண்ணிய உறுப்புகள் உண்டு. நூல்சுற்றிய கதிர் போல நடு பருத்து முனை ஒடுங்கியிருப்பதால் தசைக்கதிர் என்கிறோம். தசை சட்டென்று இழுபட்டால் அவை தண்டுவடத்துக்குத் தகவல் அனுப்பும். மூளையைக் கேட்காமல் தண்டுவடமே “சுருங்கு” என்று பதில் அனுப்பும். மருத்துவர் முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டும்போது கால் உதறுகிறதே, அது இதுதான். நல்ல நிலையில் மூளை இந்தப் பதிலை அடக்கியே வைத்திருக்கும். அடக்குகிற பாதையும் சேர்ந்து கெட்டுப்போனதால் இப்போது தண்டுவடம் கட்டுப்பாடில்லாமல் பதில் சொல்கிறது. வேகம்தான் இதைத் தூண்டுகிறது. சந்தேகமாக இருந்தால் அம்மாவின் முழங்கையை வெடுக்கென்று நீட்டாமல், பத்து எண்ணிக்கொண்டே மெதுவாக நீட்டிப் பாருங்கள். எவ்வளவு இளகிக் கொடுக்கிறது என்று தெரியும்.

வெடுக்கென்று இழுத்து எண்ணெய் தேய்க்கும் வைத்தியம் ஏன் கெடுதல் என்பது இதிலேயே இருக்கிறது. வேகமாக இழுக்க இழுக்கத் தசை எதிர்க்கும். எதிர்க்கிற தசையோடு மல்லுக்கட்டினால் நார் கிழியும், மூட்டு வீங்கும், எலும்பு தேய்ந்த வயதென்றால் முறியவும் கூடும். வெதுவெதுப்பான எண்ணெயை மெதுவாகத் தடவிவிடுவதில் தவறில்லை. அம்மாவுக்கு இதமாக இருந்தால் செய்யுங்கள். ஆணைப் பாதை அதனால் திறக்காது என்பது மட்டும் நினைவிருக்கட்டும். ஒத்தடம் கொடுப்பதாக இருந்தால் சூட்டை உங்கள் கன்னத்திலோ அம்மாவின் இடது கையிலோ வைத்துப் பார்த்த பிறகு கொடுங்கள். வலது கைக்குச் சூடு சரியாகத் தெரியாமல் இருக்கலாம். கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். நாட்டு வைத்தியம் தொடங்கிவிட்டோம் என்று ரத்த அழுத்த மாத்திரையையும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையும் நிறுத்துகிறவர்கள் உண்டு. அதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். அடுத்த பக்கவாதத்துக்கு அதுவே போதும்.

மூடிய கையைத் திறக்க ஒரு முறை இருக்கிறது. விரல் நுனியைப் பிடித்து நிமிர்த்தக்கூடாது. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, முழங்கையை மடியில் தலையணைமேல் தாங்குங்கள். முதலில் மணிக்கட்டை உள்பக்கமாக, கீழே மடக்குங்கள். விரல்களை மூடும் தசைநாண்கள் மணிக்கட்டைத் தாண்டித்தான் வருகின்றன. மணிக்கட்டு மடங்கினால் அவை தளரும், விரல்கள் தாமாகவே கொஞ்சம் விடும். அடுத்தது கட்டைவிரல். அதை நுனியில் பிடிக்காமல், உள்ளங்கையோடு சேரும் அடிச்சதையில் பிடித்து மெதுவாக வெளியே கொண்டுவாருங்கள். கட்டைவிரல் வந்துவிட்டால் மற்ற நான்கும் வழிவிடும். விரல்களை நீட்டிப் பிடித்தபடி, கடைசியாக மணிக்கட்டை மெதுவாக நிமிர்த்துங்கள். இறுக்கம் தெரிந்தால் அங்கேயே நிறுத்தி முப்பது எண்ணுங்கள். இளகும். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை. திறந்திருக்கும்போதே உள்ளங்கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, நகம் வெட்டிவிடுங்கள். மூடிய கைக்குள் வியர்வை தங்கி நாறும், நகம் குத்திப் புண்ணாகும். இப்படி நீட்டுவதால் மட்டும் கை வேலை செய்யத் தொடங்காது. வேலைக்குத் தயாராக வைத்திருப்பதற்கு இது.

நேற்றுவரை இருந்ததைவிட இறுக்கம் திடீரென்று கூடினால் கையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். மூத்திரக் கடுப்பு, மலச்சிக்கல், படுக்கைப்புண், காலில் உள்வளர்ந்த நகம் என்று உடம்பில் எங்கே தொந்தரவு இருந்தாலும் அது இறுக்கமாகக் காட்டும். பல வீடுகளில் இறுக்கத்தைத் தளர்த்தும் மாத்திரையின் அளவைக் கூட்டுவார்கள். வயிறு சுத்தமானாலே கை இளகியிருக்கும்.

பந்து விஷயம். பக்கவாதம் என்றதும் பார்க்க வருகிறவர்களில் யாராவது ஒருவர் அந்தப் பந்தை வாங்கிவந்துவிடுகிறார். பந்தை அமுக்குவதால்தான் கை கெட்டுப்போனது என்று சொல்லமாட்டேன். ஆனால் அமுக்குவது அம்மாவுக்கு ஏற்கெனவே வருகிறது. வராதது, விடுவது. நாள் முழுக்க வருவதையே செய்துகொண்டிருந்தால் வராதது எப்போது வரும்? பூக்கட்டும் கையைக் கவனித்துப் பார்த்திருப்பீர்கள். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம் என்று காம்போடு காம்பு சேர்த்து வைத்து, நாரைச் சுற்றி வளையத்துக்குள் விட்டு இழுக்கிறார்கள். ஒவ்வொரு கட்டிலும் விரல் பிடிக்கிறது, பிடித்ததைவிடப் பலமுறை விடுகிறது. பந்தை எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்து என்ன செய்வது என்பதைத் தீர்மானிக்க ஒரு சோதனை. அம்மாவின் முன்கையை மேசைமேல் உள்ளங்கை கீழ்நோக்கி இருக்கும்படி வையுங்கள். மணிக்கட்டிலிருந்து கை மேசை விளிம்புக்கு வெளியே தொங்கட்டும். “கையை மட்டும் மேலே தூக்குங்க” என்று சொல்லுங்கள். பிறகு, “விரலைத் திறங்க” என்று சொல்லுங்கள். மணிக்கட்டு 20 டிகிரி அளவுக்கு எழுந்து, விரல்கள் 10 டிகிரி அளவுக்காவது திறந்தால் (கடிகாரத்தில் மூன்று நான்கு நிமிடம் நகர்ந்த அளவும், இரண்டு நிமிடம் நகர்ந்த அளவும்) உங்களுக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. அசைவே இல்லை என்றால் வேறு வழி.

அசைவு இருந்தால்: நல்ல கையைக் கட்டிவைத்து, விழுந்த கையை வேலை வாங்கும் முறை. எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க ஆய்வாளர் உருவாக்கியது. பக்கவாதம் வந்து மூன்று முதல் ஒன்பது மாதம் ஆனவர்களிடம் இதைச் சோதித்த பெரிய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. விழித்திருக்கும் நேரத்தில் 90 விழுக்காடு நல்ல கைக்கு உறை மாட்டி, இரண்டு வாரம் தீவிரமாகப் பயிற்சி கொடுத்தார்கள். கை தேறியது, ஓராண்டுக்குப் பிறகும் அந்தப் பலன் நின்றது. நான்கு மாதம் ஆகிவிட்டதே என்ற கவலைக்கும் இதில் பதில் இருக்கிறது. முதல் மூன்று மாதத்தில் வருகிற வேகமான தேறல் இனி இருக்காது. ஆனால் கதவு மூடிவிடவில்லை. வீட்டில் 90 விழுக்காடு நடக்காது, முயலவும் வேண்டாம். அம்மா இடது கையில்தான் கம்பு ஊன்றுகிறார், அந்தக் கையைக் கட்டினால் விழுந்துவிடுவார். உட்கார்ந்திருக்கும்போது மட்டும், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மணி நேரம், இடது கையில் ஒரு துணிப்பையை மாட்டிவிடுங்கள். எழும்போது, குளிக்கும்போது, சூடான எதையும் தொடும்போது கழற்றிவிட வேண்டும்.

அசைவே இல்லை என்றால் கண்ணாடி. மூலையில் கிடக்கும் முகம்பார்க்கும் கண்ணாடியில் ஒன்றரை அடிக்கு ஒரு அடியாவது இருக்கிற ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் மார்புக்கு நேராக மேசைமேல் நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். கண்ணாடி முகம் இடது பக்கம். வலது கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கட்டும். இடது கையைக் கண்ணாடியில் பார்த்தால் அது வலது கை மாதிரியே தெரியும். இடது கை வளையலையும் மோதிரத்தையும் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அது தன் வலது கை இல்லை என்று கண்ணே காட்டிக்கொடுத்துவிடும். இடது கை விரல்களை மெதுவாக மூடித் திறக்கும்போது, மறைந்திருக்கிற வலது கையும் அதையே செய்வதாக நினைத்து முயல வேண்டும். அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள், குறைந்தது நான்கு வாரம். ஏதோ வித்தை என்று நினைக்காதீர்கள். கை இழந்தவர்களுக்கு, இல்லாத கையில் வரும் வலியைக் குறைக்க இந்தக் கண்ணாடியை 1990-களில் கொண்டுவந்தவர் வி. எஸ். ராமச்சந்திரன், சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நம்மூர்க்காரர். பக்கவாதக் கைக்கு இது உதவுகிறது என்று பிறகு வந்த பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிலருக்குத் தலை சுற்றும். அப்படியானால் ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

எந்த வழியானாலும் முக்கியம் எண்ணிக்கை. 2009-இல் வெளியான ஓர் ஆய்வில், சிகிச்சை அமர்வுகளில் விழுந்த கை எத்தனை முறை உண்மையான வேலை செய்கிறது என்று உட்கார்ந்து எண்ணினார்கள். ஓர் அமர்வுக்குச் சராசரி 32. விலங்குகளில் மூளையின் கைப் பகுதி மாறியது தினமும் நானூறு, ஐந்நூறு முறை செய்யவைத்தபோது. 1996-இல் நூடோ என்ற அமெரிக்க ஆய்வாளரின் குழுவினர், மூளையில் சின்ன அடைப்பை உண்டாக்கிய குரங்குகளில் காட்டியதும் இதைத்தான். சும்மா விட்ட குரங்குகளில் அடைப்பைச் சுற்றி இருந்த நல்ல பகுதியிலும் விரலுக்கான இடம் சுருங்கியது. சின்னக் குழியிலிருந்து தீனியை எடுக்கப் பழக்கிய குரங்குகளில் அந்த இடம் காப்பாற்றப்பட்டது. முப்பத்திரண்டுக்கும் நானூறுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை எந்த மருத்துவமனையும் நிரப்பித் தராது. வீட்டில்தான் நிரப்ப வேண்டும்.

எதை வைத்து? கூம்பு, வளையம் எல்லாம் வாங்க வேண்டாம். ஒரு கிண்ணத்தில் முப்பது எலுமிச்சம்பழம், பக்கத்தில் காலிக் கிண்ணம். ஒவ்வொன்றாக எடுத்துப் போட வேண்டும், கிண்ணத்துக்கு மேலே வந்ததும் விரலைத் திறந்து விட வேண்டும். அது எளிதானால் கோலிக்குண்டு, பிறகு புளியங்கொட்டை, கடைசியில் பூமொட்டு. இருபது நிமிடம் வீதம் நாளுக்கு மூன்று வேளை. வேளைக்கு ஐம்பதில் தொடங்கி, வாரம் வாரம் கூட்டி, நூறுக்குக் கொண்டுபோங்கள். ஐந்தில் மூன்றோ நான்கோ சரியாக வருகிற அளவில் வேலை இருக்க வேண்டும். எல்லாமே வந்தால் கடினமாக்குங்கள், எதுவுமே வராவிட்டால் எளிதாக்குங்கள்.

இதில் ஒரு ஏமாற்று உண்டு. கையை நீட்ட முடியாதபோது உடம்பு முன்னால் சாயும், தோள் காதுவரை ஏறும். எலுமிச்சை கிண்ணத்தில் விழுந்துவிடும். பயின்றது என்னவோ முதுகுதான். ஒரு துண்டை மார்பைச் சுற்றித் தளர்வாக, மூச்சு முட்டாமல், நாற்காலி முதுகோடு கட்டிவிடுங்கள். சாய முடியாது என்றதும் முழங்கை நீளத் தொடங்கும். கை நடுங்கினாலோ விரல் முன்பைவிட இறுகினாலோ களைத்துவிட்டது என்று பொருள். பத்து நிமிடம் விடுங்கள்.

கண்ணை மூடச் சொல்லி, அம்மாவின் வலது கட்டைவிரலை மேலேயும் கீழேயும் அசைத்து, “மேலயா கீழயா?” என்று பத்து முறை கேளுங்கள். தடுமாறினால் கையின் இருப்பே மூளைக்குத் தெரியவில்லை. முன்பு அவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே, பூவைப் பார்க்காமலே கட்டியிருப்பார். கை தரும் தகவலே போதுமாக இருந்தது. இனி கண்ணால் பார்த்துத்தான் செய்ய வேண்டும். பயிற்சி நேரத்தில் டிவியை அணைத்துவிடுங்கள். அடுப்புப் பக்கம் தனியே விடாதீர்கள்.

தோளைக் காப்பாற்றுங்கள். தோள்மூட்டு பெரும்பாலும் தசையின் பிடியில்தான் நிற்கிறது. அது தளர்ந்ததும் கையின் எடையே மூட்டைக் கீழே இறக்கிவிடும். கையைப் பிடித்து இழுத்து எழுப்பாதீர்கள், அக்குளில் கை கொடுத்துத் தூக்காதீர்கள். இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள். ரவிக்கை போடும்போது வலது கை முதலில், கழற்றும்போது கடைசியில். உட்கார்ந்திருக்கும்போது முன்கைக்குக் கீழே தலையணை. கப்பியில் கயிறு போட்டு நல்ல கையால் விழுந்த கையை மேலே இழுக்கும் பயிற்சியைச் சில இடங்களில் இன்னும் கொடுக்கிறார்கள். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தோள் வலியை அதிகம் வரவழைப்பது அதுதான். வலிக்கிற தோளோடு எந்தக் கையும் பயிற்சி செய்யாது.

நிலைப்படியில் வலது கால் விரல் தட்டுகிறதா, காலை வட்டமாக வீசி வைக்கிறாரா என்றும் பாருங்கள். அப்படியென்றால் பாதத்தைத் தூக்கும் தசைக்கு ஆணை குறைவு. கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை, ஏ.எஃப்.ஓ. என்று கேட்டால் தெரியும், அளவெடுத்து வாங்குங்கள். ஹவாய் செருப்பை விட்டு, பின்வார் உள்ள செருப்புக்கு மாற்றுங்கள்.

இவ்வளவு செய்தும் விரல் திறக்க விடாமல் இறுக்கம் இருந்தால் மருந்து உண்டு. பேக்லோஃபென் மாத்திரை உடம்பு முழுக்கத் தளர்த்தும், தூக்கம் வரும். குறைந்த அளவில் தொடங்கி மருத்துவர்தான் கூட்ட வேண்டும். திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். குறிப்பிட்ட தசையை மட்டும் தளர்த்த போட்டாக்ஸ் ஊசி. நரம்புமுனை அசிட்டைல்கோலினைச் சுரக்காமல் அது தடுக்கிறது. சில நாளில் பலன் தெரியத் தொடங்கி மூன்று நான்கு மாதம் இருக்கும். விலை அதிகம். அந்த மாதங்களில் விரலைத் திறக்கும் பயிற்சி செய்யாவிட்டால் போட்ட பணம் வீண்.

மதுரை பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு, வாரத்தில் ஒருநாளாவது போய்ப் பிசியோதெரபி பிரிவில் காட்டுங்கள். அடிக்கடி அழைத்துப்போக முடியாவிட்டால் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெயர் பதியச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம், வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதும் அதில் அடக்கம். ரத்த அழுத்தத்தையும் அவர்களே பார்ப்பார்கள். உப்பு நாளுக்கு ஒரு தேக்கரண்டிக்குள். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். மறுபடி வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை கால் சட்டென்று தளர்ந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு.

கடைசியாக, பூக்கட்டுவாரா? பழைய வேகத்தில், பார்க்காமல், கட்டுவார் என்று சொல்ல என்னால் முடியாது. மேசை விளிம்புச் சோதனையில் விரல் திறந்தால் கையை வீட்டு வேலைக்குப் பயன்படுத்தும் அளவுக்குக் கொண்டுவர நல்ல வாய்ப்பு இருக்கிறது. திறக்காவிட்டால் கடினம். இரண்டிலும் பூவை இன்றே கொண்டுவந்து வைக்கலாம், காத்திருக்க வேண்டியதில்லை. கைக்குத் தெரிந்த வேலையைவிட நல்ல பயிற்சிப் பொருள் கிடைக்காது. முதலில் வலது கை, குவியல் சிதறாமல் பூமேல் திறந்தபடி படிந்திருக்கட்டும், அவ்வளவுதான். அடுத்து, கட்டிய சரத்தின் முனையை அசையாமல் பிடித்துக்கொள்ளும் வேலை. கட்டுவது உங்கள் கை. பிறகு மொட்டுகளை இரண்டிரண்டாக எடுத்து உங்களிடம் நீட்டுவது. எத்தனை ஜோடி நீட்டினார், எத்தனை நழுவியது என்று தினமும் காலண்டர் தாளில் குறிக்க வேண்டும். அந்த எண்ணுகிற வேலையை அண்ணனிடம் கொடுங்கள். சத்தமில்லாமல் எண்ணச் சொல்லுங்கள்.